பழைய காரும் பழுதிலா வாய்மையும்

அறம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவில் எழுவன பெரும்பாலும் பெருநிகழ்ச்சிகளே. கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனும், வாய்மைக்காகச் சுடலை காத்த அரிச்சந்திரனும் நம் வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாக உலவி வருகின்றனர். அவர்களைப் போற்றுவது எளிது. ஏனெனில், அவர்களுக்கு நேர்ந்த சோதனை நமக்கு நேரப்போவதில்லை. நமக்கு நேரும் சோதனையோ மிகச் சிறிய உருவில், நாள்தோறும் புழங்கும் பொருள்களின் வழியாகவே வருகிறது. அத்தகைய பொருள்களுள் ஒன்றை, ஒருவர் சில ஆண்டுகள் ஓட்டியபின் மற்றொருவருக்கு விற்கும் பழைய காரை, இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அன்றாட ஓட்டத்திற்கு நம்பகமானதும் கைக்கு எட்டிய விலையுள்ளதுமான ஒரு பழைய காரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது வெறும் இயந்திர அறிவைச் சார்ந்த வினாவாகத் தோன்றலாம். சற்று ஆழ்ந்து நோக்கினால், மனிதனை மனிதன் எந்த அளவுக்கு நம்பலாம், நம்பி வந்தவனுக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்ற வினாவாக அது விரிவதைக் காணலாம்.

எளியவனின் தேவை

நம் நாட்டில் கார் என்பது ஆடம்பரமாக இருந்த காலம் போய்விட்டது. 1985ஆம் ஆண்டு ஜூலையில் புரோட்டோன் சாகாவும், 1994இல் பெரொடுவா கஞ்சிலும், 2005இல் மைவியும் வெளிவந்து, நடுத்தரக் குடும்பங்களின் வாசல்களில் காரைக் கொணர்ந்து நிறுத்தின. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிக்குப் பணியேற்றுச் செல்லும் இளம் ஆசிரியை, பேருந்து ஓடாத நேரத்தில் வேலை முடித்துத் திரும்பும் தொழிற்சாலைத் தொழிலாளி, வாரந்தோறும் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகன் ஆகிய அனைவருக்கும் கார் இன்று கால்களுக்கு நிகரானது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி. அந்த அளவில் ஊதியம் பெறுபவருக்குப் புதிய கார் எட்டாக் கனியே. பழைய காரே அவருக்கு வழி. அக்காரின் கியர்ப்பெட்டி வாங்கிய மறுமாதமே பழுதாகிச் சில ஆயிரம் வெள்ளியை விழுங்குமாயின், அவர் இழப்பது பணத்தை மட்டுமா? தவணை நிற்கிறது, வேலைக்குச் செல்வது தடைப்படுகிறது, வீட்டில் அமைதி குலைகிறது. வசதி படைத்தவருக்கு ஒரு சிறு தொல்லையாக முடிவது, எளியவருக்கு ஓராண்டின் துன்பமாக நீள்கிறது. ஆகவேதான் இதனை அறத்தின் எல்லைக்குள் வைத்து ஆராய வேண்டியுள்ளது.

விற்பவன் அறிந்ததும் வாங்குபவன் அறியாததும்

பழைய காரின் விற்பனையில் இருவர் நிற்கின்றனர். ஆயினும் அறிவு ஒருவரிடமே உள்ளது. அக்கார் எங்கே மோதியது, எப்பொழுது சூடேறி நின்றது, எத்தனை முறை எண்ணெய் மாற்றாமல் ஓட்டப்பட்டது என்பனவெல்லாம் விற்பவருக்குத் தெரியும். வாங்குபவர் காண்பது கழுவித் துடைத்த மேனியை மட்டுமே. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதனையே எடுத்துக்கொண்டார். நல்ல கார் எது, கெட்ட கார் எது என்று பிரித்தறிய இயலாத வாங்குநர், இரண்டிற்கும் நடுப்பட்ட ஒரு விலையையே தர முன்வருவார். அவ்விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் விற்காமல் ஒதுங்கிக்கொள்வார். அவர் ஒதுங்க ஒதுங்கச் சந்தையில் கெட்ட கார்களே மிகும். விலை மேலும் இறங்கும். ஒருவர் மறைக்கும் குறை, நேர்மையாக விற்க விரும்பும் மற்றொருவரையும் சந்தையைவிட்டுத் துரத்துகிறது என்பதே இதன் உட்பொருள். அக்கர்லோஃபுக்கு 2001இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு வேறு இருவருடன் பகிர்ந்தளிக்கப்பட்டது. பொய்யால் கெடுவது ஏமாந்தவர் மட்டுமல்லர், ஊரே கெடும் என்று நம் முன்னோர் அறமாகச் சொல்லி வந்ததை அவர் கணக்காகக் காட்டினார் எனலாம்.

ஆராய்தல் என்னும் கடமை

அவ்வாறாயின் வாங்குபவர் செய்யத்தக்கது யாது? திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்றோர் அதிகாரம் உண்டு. அரசன் தன் துணைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுவது அது. குணமும் குற்றமும் கலந்தே இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டு, இரண்டையும் எடைபோட்டு, மிக்கதைக் கொண்டு முடிவு செய்யுமாறு வள்ளுவர் அறிவுறுத்துகிறார். பழைய காருக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை வேறில்லை. குற்றமே இல்லாத பழைய காரைத் தேடுபவர் ஏமாற்றத்தைத் தாமே விலைக்கு வாங்குகிறார்.

முதற்கண் தம் தேவையைத் தாம் அறிதல் வேண்டும். பள்ளிக்குச் செல்ல 30 கிலோமீட்டர், திரும்ப 30 கிலோமீட்டர் ஓட்டும் ஓர் ஆசிரியை, ஆண்டுக்கு 190 பள்ளி நாள்கள் எனக் கொண்டால், 11,400 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அவருக்கு வேகமும் பகட்டும் வேண்டா. எரிபொருளைச் சிக்கனமாகக் கொள்வதும், சிற்றூர்ப் பட்டறையிலும் உதிரிப் பாகம் கிடைப்பதுமான காரே வேண்டும். கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல், டயர், பேட்டரி, எண்ணெய், காப்புறுதி ஆகியவற்றுக்கென ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பதும் அறிவுடைமை.

அடுத்து, காரே தன் வரலாற்றைச் சொல்லுமாறு செய்தல் வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அதனை முடுக்கிப் பார்க்க வேண்டும். முன்னரே சூடாக்கி வைத்த எஞ்சின் சில குறைகளை மறைத்துவிடும். புகை நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது என்பது பொருள். மீட்டர் குறைந்த தொலைவைக் காட்ட, மிதிகட்டையின் ரப்பரோ தேய்ந்து வழவழப்பாகி இருந்தால், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது. டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும், தமக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்வதும், அவருக்குரிய கூலியைத் தயங்காமல் கொடுப்பதும் நன்று.

2021 டிசம்பரில் சிலாங்கூரில் பெருவெள்ளம் வந்தபோது ஷா ஆலம், ஸ்ரீ மூடா குடியிருப்பில் கார்கள் கூரைவரை நீரில் மூழ்கிக் கிடந்த காட்சியை நாடே கண்டது. வெள்ளத்தில் மூழ்கிய காரை உலர்த்தி, புத்துறையிட்டு, நறுமணம் தெளித்து நிறுத்தினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இருக்கைவாரை இறுதிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தென்படக்கூடும். இருக்கையின் அடிச்சட்டத்தில் துரு தெரியக்கூடும். விரிப்பின் அடியில் ஈரவாடை வீசக்கூடும். ஆயினும், எவ்வளவு ஆராய்ந்தாலும் வாங்குபவரின் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் அவர் நம்பி நிற்பது எதிரில் உள்ள மனிதரின் சொல்லை மட்டுமே.

சொல்லாமை பொய்யாகுமா?

இங்கேதான் கடினமான வினா எழுகிறது. மீட்டரைத் திருப்பி வைத்தல் குற்றம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், பொய் எதுவும் சொல்லாமல், கேட்காததைச் சொல்லாமல் மட்டும் இருந்துவிட்டால் அது குற்றமாகுமா?

இவ்வினா மிகப் பழையது. உரோமானியச் சிந்தனையாளர் சிசரோ, கி.மு. 44இல் தம் மகனுக்கென எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலில் இதனை விரிவாக ஆராய்கிறார். ஒருவர் தம் வீட்டை விற்கிறார். அது நோய்க்கு இடமானது, மரங்கள் உளுத்தவை. இவை உரிமையாளருக்கு மட்டுமே தெரியும். அவர் சொல்லாமல் விற்கலாமா? இரு தத்துவ அறிஞர்கள் இதில் மாறுபடுகின்றனர். வாங்குமாறு எவரும் வற்புறுத்தவில்லை, பார்த்து முடிவு செய்தவர் அவரே, தன் பொருளின் குறையைத் தானே முரசறைந்து விற்பவன் உண்டா என்று கேட்கிறார் டயோஜெனிஸ். வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் இருப்பதே பழிக்குரியதாயின், ஒருவன் அறியாமையால் கேட்டில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அதனினும் கொடிது என்கிறார் ஆன்டிபேட்டர். சிசரோவின் தீர்ப்பு பின்னவர் பக்கமே சாய்கிறது. வாய்மூடி இருப்பதெல்லாம் மறைத்தல் ஆகாது. அறிய வேண்டியவர் அறியக்கூடாது என்று தன் ஆதாயம் கருதி வாய்மூடி இருப்பதே மறைத்தல் என்று அவர் வேறுபடுத்திக் காட்டுகிறார்.

வள்ளுவரும் வாய்மையை வெறும் சொல்லின் துல்லியத்தால் அளக்கவில்லை; பிறர்க்குத் தீங்கு பயவாமையால் அளந்தார். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால், “எஞ்சின் நன்றாக உள்ளது” என்ற சொல் உண்மையாகவே இருந்தாலும், கியர்ப்பெட்டி சறுக்குவதை மறைப்பதற்காகவே அது சொல்லப்படுமாயின் அது வாய்மை ஆகாது. அதற்காகக் கதவில் உள்ள சிறு கீறலையும் கூறிக்கொண்டிருக்க வேண்டுமென்பதில்லை. கண்ணுள்ளவர் அதைக் காண்பார். எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஓர் எளிய வரையறை போதும். நான் வாங்குபவனாக இருந்து, இதை அறிந்தால் என் முடிவோ நான் தரும் விலையோ மாறுமாயின், அதை நான் சொல்லியாக வேண்டும். நிறுத்தியைப் பற்றிய குறையானால் பேச்சுக்கே இடமில்லை. அதை மறைத்தால் கேடு வாங்கியவரோடு நிற்பதில்லை. சாலையைக் கடக்கும் பள்ளிச் சிறுவனையும் அது தொடரும். அவன் எந்த விற்பனையிலும் கையொப்பமிடாதவன்.

வாங்குபவரின் பொய்

நேர்மை விற்பவருக்கு மட்டும் உரிய கடமை என எண்ணிவிடலாகாது. விலையைக் குறைப்பதற்காக இல்லாத குறையைக் கற்பிப்பதும் பொய்யே. கணவரை இழந்த மூதாட்டி ஒருவர், அவர் விட்டுச் சென்ற காரின் சந்தை விலை அறியாமல் மிகக் குறைவாகக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அறிந்தே அவ்விலைக்கு வாங்கி வருபவர், “எனக்கு நல்ல பேரம் கிடைத்தது” என்று மகிழலாமா? அங்கே அறிவு வாங்குபவரிடம் உள்ளது. அறியாமை விற்பவரிடம் உள்ளது. இடம் மாறியதேயன்றி அறம் மாறவில்லை. ‘நடுவுநிலைமை’ அதிகாரத்தின் இறுதியில் வணிகத்தைப் பற்றி வள்ளுவர் பேசுவது எண்ணத்தக்கது. பிறர் பொருளைத் தம் பொருளெனக் கருதும் அந்த மனம் துலாக்கோலின் இரு தட்டுக்கும் பொதுவானது.

சட்டமும் மனச்சான்றும்

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், சில விலக்குகளுடன், வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்னும் பழைய நெறியைத் தழுவியது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வணிகரின் பொறுப்பைக் கூட்டியது. வணிகர் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்றது. முறையிடுவதற்கு ஒரு நடுவர் மன்றத்தையும் அமைத்தது. எனினும், அச்சட்டம் தொழிலாக விற்பவரை நோக்கியது. தனி மனிதர் ஒருவர் தம் காரை மற்றொருவருக்கு விற்கும்போது அந்தக் காப்பு அவ்வளவாக எட்டுவதில்லை.

செர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட அறநூலில் ஒரு கடைக்காரரைக் காட்டுகிறார். அவர் சிறு பிள்ளையிடமும் கூடுதல் விலை வாங்குவதில்லை. ஆனால், கடையின் நற்பெயர் கெடாமல் இருக்க அவ்வாறு செய்கிறாராயின், அது நல்ல வணிகமே தவிர, கடமையுணர்வால் விளைந்த செயலாகாது என்கிறார் காண்ட். தம் காரை ஒரே ஒரு முறை விற்கும் தனி மனிதருக்குக் காக்க வேண்டிய கடைப்பெயர் இல்லை. வாங்குபவரை அவர் மீண்டும் காணப்போவதுமில்லை. அவரைத் தடுப்பதற்கு எதுவும் இல்லாத அந்த நேரத்தில் அவர் வாய்திறந்து, “இக்கார் ஒருமுறை வெள்ளத்தில் நின்றது, அதற்கேற்ற விலை தாருங்கள்” என்று சொல்வாராயின், அரிச்சந்திரனைப் பற்றி நாம் பாடம் நடத்தியது வீண் போகவில்லை என்று கொள்ளலாம். அச்சொல்லால் அவருக்கு ஈராயிரம் வெள்ளி குறையலாம். வாய்மைக்கு விலை உண்டு என்பதை மறைத்து மாணவருக்கு வாய்மையைப் போதிப்பதும் ஒருவகை மறைப்பே. விலை கொடுத்தும் கொள்ளத்தக்கது அது என்று கற்பிப்பதே நேர்மை.

பிற பொருள்களுக்கு இல்லாத ஓர் இயல்பு பழைய காருக்கு உண்டு. அரிசியை வாங்குபவர் அதை உண்டு தீர்க்கிறார். துணியை வாங்குபவர் உடுத்திக் கிழிக்கிறார். காரை வாங்குபவரோ பெரும்பாலும் ஒருநாள் அதை விற்கிறார். இன்று குறையைத் தேடித் தேடிக் கண்டவர், நாளை அதே குறையை அறிந்தவராக மற்றொருவர் முன் நிற்கிறார். நமக்குச் சொல்லப்பட வேண்டும் என்று எதிர்பார்த்ததை நாமும் சொல்வதே அறத்தின் முழு இலக்கணம். குறை சொல்லப்பட்டால் அது விலையில் கழிந்துவிடும், மறைக்கப்பட்டால் களவாகிவிடும். ஆசிரியர்கள் இவ்வினாவை வகுப்பில் வாதத்திற்கு வைப்பார்களாக. மாணவர்கள் இரு பக்கமும் நின்று பேசிப் பார்ப்பார்களாக. பேசி முடித்தபின், தம் வீட்டு வாசலில் நிற்கும் காரை நாளை விற்க நேர்ந்தால் எதையெல்லாம் சொல்வோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். அந்தத் தாளில் எழுதத் தயங்கும் வரி எதுவோ, அங்கிருந்தே அறக்கல்வி தொடங்குகிறது.