குணமானவனையும் காட்டச் சொன்னார்

ஆண்டின் பொதுக்காலம் 6-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
லேவியர் 13:1-2, 44-46, மாற்கு 1:40-45



இன்று பிப்ரவரி 11, லூர்து அன்னையின் நாள். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாளும் இதுவே. இன்றைய வாசகங்களும் நோயைப் பற்றித்தான் பேசுகின்றன.

முதல் வாசகம் கேட்கக் கடுமையாக இருந்தது. தோலில் தடிப்போ வெண்புள்ளியோ கண்டவர் குருவிடம் வரவேண்டும். தொழுநோய் என்று உறுதியானால் பாளையத்துக்கு வெளியே தனித்து வாழவேண்டும். ஆனால் இன்று வாசிக்கப்படாத இடைப்பட்ட வசனங்களை வீட்டில் எடுத்துப் படித்துப் பாருங்கள். குரு பார்த்த மாத்திரத்தில் முடிவு சொல்வதில்லை. முடி வெளுத்திருக்கிறதா, புண் தோலுக்குள் இறங்கியிருக்கிறதா என்று கவனிக்கிறார். ஐயம் இருந்தால் ஏழு நாள் தனியே வைத்து மறுபடி பார்க்கிறார். தேவையென்றால் இன்னும் ஏழு நாள். புள்ளி மங்கியிருந்தால், ‘இது வெறும் தடிப்புதான்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். பொறுமையாக, ஒழுங்காக நடந்த ஒரு பரிசோதனை அது.

நற்செய்திக்கு வருவோம். இயேசு தொழுநோயாளி ஒருவனைத் தொட்டார், நோய் உடனே நீங்கியது. பிறகு அவனிடம் என்ன சொன்னார்? போய்க் குருவிடம் உன்னைக் காட்டு என்றார். ஆண்டவரே தொட்டுக் குணமாக்கியவனுக்கு எதற்குப் பரிசோதனை? அவன் நலம் பெற்றது ஊரறிய உறுதியானால்தான் வீட்டுக்கும் உறவுக்கும் திரும்ப முடியும். சோதித்துப் பார்ப்பதை இயேசு அவநம்பிக்கையாக நினைக்கவில்லை.

நம்மில் பலர் அப்படி நினைக்கிறோம். “செபம் பண்ணிட்டேன் ஃபாதர், டெஸ்ட் எதுக்கு?” என்கிறார் ஒருவர். “போனா எதையாவது கண்டுபிடிச்சிடுவாங்க” என்கிறார் இன்னொருவர். பரிசோதனை நோயைக் கொண்டுவந்து வைப்பதில்லை. இருப்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். லூர்து நகரைப் பாருங்கள். குணமடைந்தோம் என்று சொல்லி வருகிறவர்களை ஆராய 1883 முதல் அங்கே ஒரு மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. ஆயிரக்கணக்கானோர் அங்கே தங்கள் நலனைப் பதிவுசெய்தார்கள். அவற்றில் திருச்சபை புதுமை என்று ஏற்றவை சுமார் 70 மட்டுமே. புதுமைக்கே மருத்துவச் சான்று கேட்கிற திருச்சபையின் பிள்ளைகள் நாம்.

பயத்தில் பாதி, உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததால் வருவது. ஆகவே சிலவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்கவேண்டும்; தண்ணீர் குடிக்கலாம். மாத்திரையை எப்போது போடுவது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஈ.சி.ஜி. எடுக்கும்போது உடம்பில் கரண்ட் பாய்ச்சுவதில்லை. இதயத்தில் தானாக ஓடும் மின்துடிப்பைப் பதிவு செய்கிறார்கள், வலிக்காது. வயிற்று ஸ்கேனில் ஜெல் தடவும்போது கொஞ்சம் சில்லென்று இருக்கும். அடிவயிறு பார்க்கவேண்டுமானால் சிறுநீரை அடக்கி வரச் சொல்வார்கள். மேமோகிராமில் மார்பகத்தை அழுத்திப் பிடிப்பார்கள். சிலருக்கு வலிக்கும், ஆனால் சில நொடிகளில் முடிந்துவிடும்.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் சுத்தியலால் தட்டுவது போல் சத்தம் கேட்கும். காதுக்கு அடைப்பான் தருவார்கள். அசையாமல் அரை மணி நேரமோ கூடுதலாகவோ படுத்திருக்கவேண்டும். திணறினால் அழுத்திக் கூப்பிடக் கையில் ஒரு பந்து கொடுப்பார்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். கழற்றக்கூடிய உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. தாலியைக் கழற்றச் சொல்கிறார்களே என்று கலங்கும் சகோதரிகளே, அரை மணி நேரம் கழற்றி வைப்பதால் உங்கள் திருமண அருளடையாளத்துக்கு ஒரு குறையும் வராது. தயங்காமல் கழற்றுங்கள்.

சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி என்றால், “கத்தி பட்டால் புற்று பரவிவிடும்” என்று யாராவது சொல்லித் தடுப்பார்கள். அதை நம்பி நாள் கடத்தாதீர்கள். இடத்தை மரக்கவைத்துத்தான் எடுப்பார்கள். ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும். அந்த நாள்கள்தான் பாரமானவை. லேவியர் நூலின் அந்த ஏழு நாளும் இப்படித்தான் கழிந்திருக்கும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் தடித்த எழுத்தைப் பார்த்து இடிந்து போகாதீர்கள். பொதுவாக ‘இயல்பு அளவு’ என்று போட்டிருப்பது, நலமாக இருப்பவர்களில் 100-க்கு 95 பேருக்கு இருக்கும் அளவு. அப்படியானால் எந்த நோயும் இல்லாத 20 பேரில் ஒருவருக்கு அது சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கும். மாஸ்டர் செக்கப்பில் இருபது முப்பது டெஸ்ட் எடுத்தால் ஒன்றிரண்டு தள்ளி நிற்பது வியப்பில்லை. மறுபடி எடுக்கச் சொன்னால், மருத்துவர் ஏதோ மறைக்கிறார் என்று எண்ணவேண்டாம். குரு ஏழாம் நாள் மறுபடி பார்த்தது போலத்தான் அதுவும். கூகுளிடம் அல்ல, மருத்துவரிடம் கேளுங்கள்: இந்த டெஸ்ட் எதற்கு? முடிவு எப்படி வந்தால் என்ன செய்வோம்? எடுக்காவிட்டால் என்ன ஆகும்? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

சிலருக்கு முடிவு கசப்பாகவே வரும். அதை நான் மழுப்ப விரும்பவில்லை. அங்கேதான் நம் பங்கு மக்களின் கடமை தொடங்குகிறது. சட்டம் தள்ளி நிறுத்தியவனை இயேசு கை நீட்டித் தொட்டார். நம் அன்பியத்தில் தனியாக ஸ்கேனுக்குப் போகும் முதியவர் ஒருவர்கூட இருக்கக்கூடாது. கூடப் போங்கள், மருத்துவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள், டோக்கன் எண் கூப்பிடும்வரை பக்கத்தில் உட்காருங்கள். அங்கே அறிந்ததைத் தெருவில் பேசாதீர்கள். அடுத்தவரின் ரிப்போர்ட் அவருடையது.

அன்பானவர்களே, இன்று திருப்பலியில் நோயில்பூசுதல் பெற வந்திருக்கிறீர்கள். நம்பிக்கையோடு பெற்றுக்கொள்ளுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு பல வாரமாக அலமாரியில் கிடந்தால், இன்றிரவே அதைத் தேடி எடுங்கள். நாளை திங்கட்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு லேபுக்குப் போங்கள். போய்க் காட்டு என்று அனுப்பியவர் உங்களோடு வருவார். ஆமென்.