பல்லக்குத் தண்டில் ஒரு தோள்

(சித்திரைச் சதயம், அப்பர் குருபூஜையன்று சிவன் கோயில் மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரை)

காலையில் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். வடக்குப் பிரகாரத்தில் புல்லும் கோரையும் முழங்கால் உயரத்துக்கு நின்றன. ஒன்பது மணிக்கு மேல்தான் தரை தெரிந்தது. அதைச் செய்த பிள்ளைகள் பின்னால் தூணோரம் நிற்கிறார்கள், கையெல்லாம் மண்ணாக. முன்வரிசை நாற்காலியில் இருப்பவர்கள் புல் பிடுங்காதவர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

புல் செதுக்கும் உழவாரத்தை ஏந்திய அப்பர் பெருமானுடைய கையைப் பற்றி இன்று எல்லா ஊரிலும் பேசுவார்கள். நான் அவருடைய தோளைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் திருப்பூந்துருத்தி. அப்பர் அங்கே மடம் அமைத்துத் தங்கியிருக்கிறார். பாண்டிய நாட்டிலிருந்து இளம்பிள்ளை ஞானசம்பந்தர் பல்லக்கில் திரும்புகிறார் என்று செய்தி வருகிறது. ஊர் எல்லையில் நெரிசல். முதியவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கூட்டத்துக்குள் புகுந்து, பல்லக்குச் சுமப்பவர்களோடு ஒருவராகத் தண்டுக்குத் தோள் கொடுத்துவிட்டார். உள்ளே இருக்கிற பிள்ளைக்குத் தெரியாது. ஊர் நெருங்கியதும், அப்பர் எங்கே என்று கேட்கிறார். உம்மைச் சுமக்கும் பேறு பெற்று இங்கேதான் இருக்கிறேன் என்று கீழேயிருந்து பதில் வருகிறது. பிள்ளை பதறிப்போய் இறங்குகிறார்.

அப்பர் 81 ஆண்டு வாழ்ந்தவர், சம்பந்தர் 16 ஆண்டு என்பது மரபு. பேரன் வயசுப் பிள்ளையைத் தாத்தா சுமக்கிறார். இதைப் பணிவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. பிள்ளை போகிற வழியை அவர் மாற்றவில்லை. தண்டுக்குத் தோள் கொடுத்தார், அவ்வளவுதான். பல்லக்கில் தானும் ஏறி உட்கார்ந்து, தம்பி இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று சொல்லவில்லை. நம்மில் பலருக்கு வருவது அந்த இரண்டாவது வேலைதான்.

என் கதையையே சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தெப்பக்குளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வந்தார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள். கூடை எந்தக் கடையில் வாடகைக்குக் கிடைக்கும், எந்த வீட்டில் குடிதண்ணீர் தருவார்கள், எல்லாம் அதில் இருந்தது. அவர்கள் கேட்டது ஓர் அனுமதிக் கடிதம், மண்வெட்டி வைக்க ஓர் அறைச் சாவி. நான் என்ன செய்தேன்? கமிட்டி போட்டேன். மூன்று கூட்டம் நடத்தினேன். பத்தடிக்கு ஃபிளெக்ஸ் அடித்தேன். அதில் பெரியவர்கள் படம் ஆளுயரம், பிள்ளைகள் படம் கீழே தபால்தலை அளவு. “ஐயா, முதல் மூன்று படியில் பாசி. காலை ஈரத்தில் வழுக்கும், பத்து மணிக்கு மேல் இறங்கலாம்” என்று அந்தப் பெண் சொன்னாள். சிறப்பு விருந்தினருக்கு ஏழு மணிதான் தோது என்று ஏழுக்கே வைத்தேன். விருந்தினர் மாலையோடு வழுக்கிப் படியில் உட்கார்ந்தார். நல்லவேளை, வேட்டியோடு போயிற்று. பிள்ளைகள் சிரிக்கக்கூட இல்லை. இரண்டு ஞாயிறு வந்தார்கள், அப்புறம் வரவில்லை. அந்த நோட்டு இன்றும் என் மேசையில்தான் இருக்கிறது. “நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா” என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

அப்படியானால் பெரியவர்கள் வாயே திறக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். திருமறைக்காட்டுக்குப் போங்கள், இன்றைய வேதாரண்யம். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் அனுப்பிய ஆட்கள் வந்து சம்பந்தரை மதுரைக்கு அழைக்கிறார்கள். அப்பர் தடுக்கிறார். அங்கே பகை உண்டு, நாளும் கோளும் சரியில்லை என்கிறார். அவர் வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் கிடந்தவர். நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் போட்டது எல்லாம் உடம்பில் பட்டவர். பிள்ளை பதிலாகக் கோளறு பதிகம் பாடினார். அதன்பின் அப்பர் வழிமறிக்கவில்லை. தெரிந்ததை ஒருமுறை தெளிவாகச் சொன்னார், பிறகு வழிவிட்டார்.

இந்தக் கோயிலிலும் அந்த மாதிரிச் சொல்ல வேண்டியவை உண்டு. கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றை மேலாகப் பிடுங்கினால் வேர் உள்ளே நின்று மறுபடி துளிர்க்கும். பலமாக இழுத்தால் கல்லே அசையும். கல்வெட்டுள்ள சுவரில் மணல் பீய்ச்சினால் எழுத்து போய்விடும், சுண்ணாம்பு அடித்தால் மூடிப்போகும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ஸ்தபதியையோ தொல்லியல் தெரிந்தவரையோ அவர்களே போய்க் கேட்கட்டும். நாம் கேட்டு வந்து சொன்னால் அது நம் வேலையாகிவிடும்.

இனி திருவீழிமிழலை. பஞ்ச காலம். அடியார்களுக்குச் சோறு போட இருவருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு வைக்கிறான், கிழக்குப் பீடத்தில் ஒன்று, மேற்குப் பீடத்தில் ஒன்று. சம்பந்தர் மடத்தில் மட்டும் சமையல் தாமதமாகிறது. ஏன் என்று விசாரித்தால், அவர் காசுக்குக் கடைத்தெருவில் மதிப்பைக் குறைத்து வாசி பிடிக்கிறார்கள். அப்பர் காசு மாற்றுக் குறையாத காசு, உடனே பண்டம் கிடைக்கிறது. அப்பர் கைத்தொண்டு செய்தவர், அதனால் அவர் காசு முழுக்காசு என்பார்கள் பெரியோர். பின்னால் நிற்கிற பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். செல்ஃபிக்கு வாசி உண்டு, கையில் ஏறிய மண்ணுக்குக் கிடையாது.

ஆனால் நாற்காலிக்காரர்களுக்கும் அதில் ஒரு சேதி இருக்கிறது. இளையவர் நீட்டும் காசுக்கு ஊர் இன்றும் வாசி பிடிக்கிறது. ரேஷன் கடை வாசலில் பாட்டிகளுக்கு நிழல் போட வேண்டும் என்று ஒரு பையன் மனு கொண்டுபோனால், “பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வா” என்கிறார்கள். அதே மனுவை நான் நீட்டினால் நாற்காலி போடுகிறார்கள். அங்கே நாம் செய்யக்கூடியது கூடப் போய்ப் பக்கத்தில் நிற்பது. பேச்சு அவனுடையதாக இருக்கட்டும். திருவீழிமிழலையில் அப்பர், உன் சமையலையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மடத்தை எடுத்துக்கொண்டதாகக் கதை இல்லை. பிள்ளையே இறைவனிடம் பாடிக் கேட்டார், நல்ல காசு வாங்கினார், அவருடைய அடுப்பும் நேரத்துக்கு எரிந்தது.

பிள்ளைகளிடம் விட்டால் கணக்கு தப்பும்தான். முதல் வருஷம் பூச்செடி கருகும். அன்னதானத்துக்கு நூறு பேர் என்று சமைத்து இருநூறு பேர் வருவார்கள். அந்த நேரத்தில் இன்னொரு மூட்டை அரிசி வாங்கி வாசலில் இறக்கிவிட்டுப் பேசாமல் போகிற ஒரு கிழவர் இந்த ஊரில் உண்டு. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

மணி ஒன்றாகப் போகிறது. மடைப்பள்ளியிலிருந்து இரண்டுமுறை ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வழக்கம்போல முதல் பந்தியில் நாம் உட்கார்ந்து, பிள்ளைகள் பரிமாறுவதாக ஏற்பாடாம். பொறுத்துக்கொள்ளுங்கள், அதை மாற்றச் சொல்லியிருக்கிறேன். தம்பி, நீங்களெல்லாம் கை கழுவிவிட்டு இலையில் உட்காருங்கள். சாம்பார் வாளி கொஞ்சம் கனம், எனக்கு முதுகுவலி வேறு. யாராவது ஒரு பெரியவர் வந்து இன்னொரு பக்கம் பிடியுங்கள்.