சுபாவமும் தண்டோராவும்

மனிதன் சுபாவத்தில் நல்லவனா கெட்டவனா என்ற விசாரம் நம் எழுத்தாளர்களுக்கு அநேகமாக ஒரு சௌகரியமாகவே இருந்து வருகிறது. உள்ளே மிருகம் இருப்பதாக எழுதினால் கதைக்கு ஆழம் வந்துவிடுகிறது. தெய்வம் இருப்பதாக எழுதினால் பரிசு வருகிறது. இரண்டிலும் 'உள்ளே' என்ற சொல்லை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

கச்சிராயபாளையத்தில் ஆலையின் கரும்பு அரவை, கோமுகி அணைத் தண்ணீர் இவற்றை விட்டால் பேச்சு அதிகம் இராது. 2022 ஜூலையில் இருந்தது. சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் ஒரு தனியார் பள்ளியின் விடுதி மாணவி 13ஆம் தேதி இறந்தாள். 17ஆம் தேதி நியாயம் கேட்டுத் திரண்ட கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. பஸ்கள் எரிந்தன. அதற்கப்புறம் நடந்ததுதான் உறுத்துகிறது. மேஜை, நாற்காலி, மின்விசிறி என்று அகப்பட்டதைத் தலையிலும் வண்டியிலும் வைத்துக்கொண்டு போனார்கள். செத்த பெண்ணுக்காகப் பதறிய மனமும் நாற்காலியைத் தூக்கிய கையும் ஒரே ஆளுடையவையாக இருந்திருக்கலாம். பதற்றம் வேஷம், களவே நிஜம் என்று தீர்ப்புச் சொல்வது சுலபம். எனக்கு இரண்டும் நிஜமென்றே படுகிறது.

சில நாட்களில் சுற்றுக் கிராமங்களில் தண்டோரா போட்டார்கள்: எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பொருள்களில் ஒரு பகுதி திரும்பி வந்தது, ஆளில்லாமல். ராத்திரியோடு ராத்திரியாகச் சாலையோரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இரண்டாயிரம் ஆண்டுக்கும் முன்பு சீனத்தில் நடந்த வழக்குத்தான் இது. கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் எவன் மனமும் பதறும், ஆகவே சுபாவம் நல்லது என்றார் மென்ஷியஸ். சுபாவம் கெட்டது, நன்மை பயிற்சியால் செய்யப்படுவது என்றார் பின்னால் வந்த ஸுன்ஸு. கனியாமூர் இருவருக்கும் சாட்சி சொல்லும். குறுக்கு விசாரணையில் இருவரையும் கைவிடும். வெறும் போலீஸ் பயமென்றால் நாற்காலியை உடைத்து அடுப்பில் வைத்திருக்கலாம். மனசாட்சி என்றால் பகலில் கொண்டுவந்திருக்கலாம். எடுத்தபோது கூட்டத்தில் பெயரில்லை, வைத்தபோது இருட்டில் பெயரில்லை. நடுவே சில நாள் அந்த நாற்காலி ஒரு வீட்டுக்குள் இருந்தது. யாராவது அதில் உட்கார்ந்தார்களா? பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தபோது அதன்மேல் துணியைப் போட்டு மூடினார்களா? (நம் சிறுகதைக்காரர்கள் எழுதியிருக்க வேண்டியது இதை.) குறளில் நாணுடைமைக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. நன்மை உள்ளே இல்லை, நமக்கும் அடுத்த வீட்டுக் கண்ணுக்கும் நடுவில் இருக்கிறது என்று முடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கருணாபுரம் முடிக்க விடவில்லை. 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே, நீதிமன்றமும் போலீஸ் ஸ்டேஷனும் கிட்டத்திலிருக்க, மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அங்கே கூட்டத்தின் வெறி இல்லை. இருட்டில்லை. விற்றவர்களைத் தெருவுக்குத் தெரியும், குடித்தவர்களை விற்றவர்களுக்குத் தெரியும். மறைக்க எதுவுமில்லை, ஆகவே நாணவும் எதுவுமில்லை. அடுத்த வீட்டுக் கண் இருக்கத்தான் இருந்தது. பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இன்னொரு கடை. முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களில் சிலரும் அதே சாராயத்தை வாங்கிக் குடித்ததாகப் பத்திரிகைகள் எழுதின.