பெயர் வெட்டிய பாத்திரம்

கழுகுமலை. விடியப் போகிறது. வெட்டுவான் கோயிலுக்கு மேலே பாறையில் உட்கார்ந்திருக்கிறேன். உச்சியிலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, அடித்தளம் எட்டுமுன் விட்டுப்போன கோயில். அப்பால் உழுதுபோட்ட கரிசல் மழைக்குக் காத்துக் கிடக்கிறது. இந்த வெளிச்சத்தில் அந்தக் கறுப்பைக் கடல் என்றால் நம்பலாம்.

*

பாறைச் சரிவில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக. அவர்களுக்குக் கீழே வட்டெழுத்து: இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி. சமணப் பெண் குருக்களான குரத்தியர் பெயர்களும் உண்டு. ஆயிரத்து இருநூறு வருஷமாக அதே இடத்தில் இருக்கும் பெயர்கள். எனக்கு ஒன்றும் வாசிக்கத் தெரியாது.

*

நகர்ந்துபோன பெயர் ஒன்று உண்டு. நியூசிலாந்தில், வெல்லிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கல மணி, உயரம் 13 செ.மீ. சுற்றிலும் தமிழ் எழுத்து: முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி. 1836 வாக்கில் வாங்கரே பக்கம் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி அதைக் கண்டபோது அந்த மண்ணின் மாவோரிப் பெண்கள் அதில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்களாம். பெருங்காற்றில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்தது என்றார்களாம். கொலென்சோ அச்சுக்காரர், மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837-இல் அச்சிட்டவர். அச்செழுத்துக் கோத்துப் பழகிய அந்தக் கைக்கும் இந்த எழுத்துப் பிடிபடவில்லை. இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு மணியை வாங்கிக்கொண்டார்.

கவிழ்த்தால் மணி, நிமிர்த்தினால் சட்டி. நாலைந்து கிழங்குக்கு மேல் கொள்ளாது.

*

மணியில் சமைத்தார்களே என்று சிரிப்பவர்கள் உண்டு. எங்கள் ஆச்சி சிரித்திருக்க மாட்டாள். வீட்டில் ஒரு வெண்கலப் பானை. கழுத்தில் புள்ளி புள்ளியாக ‘சி.மு.’ என்று வெட்டியிருக்கும். எங்கள் வம்சத்தில் சி.மு. யாரும் கிடையாது. ஏதோ ஒரு கல்யாண வீட்டில் மாறி வந்திருக்க வேண்டும். மூன்று தலைமுறையாகப் பொங்கல் அதில்தான். “யாருது ஆச்சி இது?” என்று ஒருநாள் கேட்டேன். “கேட்டு வந்தா குடுப்போம்” என்றாள். யாரும் வரவில்லை.

*

மணி கிடைத்த நியூசிலாந்துக் கரைக்குப் பெயர் வைக்க வந்தவர்கள் வேறு. 1642-இல் டச்சுக் கப்பல்காரர் டாஸ்மன் வந்தார். மாவோரிகள் கையில் மாலுமிகள் நாலு பேர் செத்ததும், அந்த விரிகுடாவைக் கொலைகாரர் விரிகுடா என்று எழுதிக்கொண்டு, கரையில் கால் வைக்காமலே போனார். 1769 அக்டோபரில் ஆங்கிலேயர் குக். இறங்கிய முதல் நாளே தே மாரோ என்ற மாவோரியைக் குக்கின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் சிலர். வேண்டிய சாமான் எதுவும் கிடைக்கவில்லை என்று குக் அந்த இடத்துக்கு வறுமை விரிகுடா என்று பெயர் வைத்தார். கரிசலை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து ‘வறண்ட பூமி’ என்கிறவர்களை எனக்குத் தெரியும். கம்பும் பருத்தியும் விளைந்து நிற்கும்போது அவர்கள் வருவதில்லை.

குக்கின் கப்பலில் துபாயா என்று ஒருவர் இருந்தார், ராயாதேயா தீவுக்காரர். அவர் பேசியது மாவோரிகளுக்குப் புரிந்தது. அத்தனை தூரக் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பேச்சு. மறுவருஷம் பத்தாவியாவில் துபாயா இறந்துபோனார்.

*

மணி எப்படி அங்கே போயிற்று? தமிழ்க் கப்பலே போனது என்பார்கள், ஆளில்லாக் கப்பல் மிதந்து ஒதுங்கியது என்பார்கள், போர்த்துக்கீசியர் கையில் போனது என்பார்கள். முகைதீன் என்றதும் எனக்குக் காயல்பட்டினமும் கீழக்கரையும்தான் நினைவில் வருகின்றன. மரைக்காயர் கப்பல்கள் மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் போய்வந்த காலம். அங்கே ஏதோ ஒரு துறையில் மணி கைமாறியிருக்கும், பிறகு இன்னொரு கை. தமிழன் முதலில் போனான் என்று மார்தட்ட எனக்கு மனம் வரவில்லை. கப்பலுக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் இருக்கிறது.

*

வெளுத்துவிட்டது. கீழே கழுகாசலமூர்த்தி கோயிலில் மணி அடிக்கிறார்கள். அதில் யார் உபயம் என்று வெட்டியிருக்கிறது? இத்தனை வருஷம் கேட்டும் ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்ததில்லை.

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்குகிறேன்.