லூப் ரோட்டை மறித்த குரல்

2023 ஏப்ரலில் சென்னை லூப் ரோட்டு மீன் கடைகளை அப்புறப்படுத்த அதிகாரிகள் வந்தபோது நொச்சிக்குப்பத்துப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டா நின்றார்கள்? சாலையையே மறித்தார்கள்! அதே ரோட்டோரத்தில் இன்று 366 கடைகளோடு மீன் சந்தை நிற்கிறது. அரசாங்கத்தையே எதிர்த்து நின்ற தங்கச்சி, வீட்டுக்குள் புருஷன் கை ஓங்கினால் மட்டும் ஏன் வாயைப் பொத்திக்கொள்கிறாய்?

"கோர்ட்டுல கேஸ் நடக்குது, முடியற வரைக்கும் பொறுத்துக்கோ" என்பார்கள். பொறுக்காதே! விவாகரத்து வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரை அவன் குடித்துவிட்டு உன் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் முன்னால் அசிங்கமாகத் திட்டி, ஐஸ் பெட்டியை உதைத்துத் தள்ளுவான். அதைத் தடுக்கத்தான் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது.

பாதுகாப்பு ஆணை கேள். நீ தொழில் செய்யும் இடத்தில் அவன் கால் வைக்கக் கூடாது என்று நீதிபதி எழுதலாம். மீன் கடையும் தொழில் செய்யும் இடம்தான், ஏசி ஆபீஸ் மட்டுமல்ல. போன் செய்து மிரட்டக் கூடாது, உன் நகையை விற்கக் கூடாது, உனக்குத் துணை நிற்கும் அண்ணனை அடிக்கக் கூடாது என்றும் எழுதலாம். வியாபாரக் காசைப் பிடுங்குவதும் வன்முறை என்கிறது சட்டம்.

வீடு மாமியார் பெயரில் இருக்கிறதா? இருக்கட்டும். நீ குடும்பம் நடத்திய வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே தங்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 ஆகஸ்டில் நம் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. விவாகரத்து வழக்கு நடக்கும் ஒரு வீட்டில் கணவன் தொல்லை கொடுக்காமல் இருந்துகொள்ளட்டும் என்று கீழ்க் கோர்ட் சொல்லியிருந்தது. அது நடக்கிற காரியமா என்று கேட்ட நீதிபதி ஆர்.என். மஞ்சுளா, இரண்டு வாரத்தில் வீட்டைவிட்டு வெளியேறும்படி அந்தக் கணவனுக்கு உத்தரவிட்டார். பெண்தான் மூட்டை கட்ட வேண்டும் என்று எவன் சொன்னது?

இதையெல்லாம் கேட்க ராஜாஜி சாலையில் உள்ள கலெக்டர் ஆபீஸுக்குப் போ. அந்தக் கட்டடத்துக்கே சிங்காரவேலர் மாளிகை என்றுதான் பெயர்; மீனவர் குடும்பத்தில் பிறந்து வக்கீலான மனிதர் அவர். தயங்காமல் உள்ளே நுழை. சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் நடந்ததைச் சொன்னால் அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். பெண்ணுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. 15100க்குப் போன் செய். ராத்திரியில் அடி விழுந்தால் 181. மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அது இழுக்கும், ஏமாந்துவிடாதே. முதல் நாளே இடைக்கால ஆணை கேள். அவன் வராவிட்டாலும் உன் பிரமாணப் பத்திரத்தை வைத்தே நீதிபதி அதைத் தரலாம்.

ஆணையின் நகல் காசில்லாமல் கிடைக்கும். அதைச் சுருக்குப்பையிலேயே வைத்துக்கொள். மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வர முடியாத குற்றம். நகலோடு நேரே ஸ்டேஷனுக்குப் போ. "குடும்பச் சண்டைதானே, பேசித் தீர்த்துக்கோங்க" என்று அங்கே யாராவது இழுத்தால், "குடும்ப வன்முறைச் சட்டம் பிரிவு 31, எஃப்ஐஆர் போடுங்க" என்று சொல். வஞ்சிரத்துக்கு விலை சொல்வாயே, அந்தச் சத்தத்தில் சொல்!