கருத்தும் கடப்பாடும்

பல்கலைக்கழக மாணவன் ஒருவன் ஒரு நாளிலே எத்தனை கருத்துக்களை வெளியிடுகிறான் என்று எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டோ? காலையில் விடுதியிலே பாணும் பருப்பும் உண்ணும்போது சமையலைப் பற்றி ஒரு கருத்து. கலகா வீதி வழியே விரிவுரைக்கு நடக்கையில் விரிவுரையாளரைப் பற்றி மற்றொன்று. நூலகத்துப் படிக்கட்டிலே முதல்நாள் பார்த்த திரைப்படத்தைப் பற்றி இன்னொன்று. மாலையில் வெறுந்தேநீரைச் சுற்றி அமர்ந்தால் அரசாங்கம், பகிஷ்கரிப்பு, சமயம், சாதி, சீதனம், அயல்நாட்டுப் போர் ஆகிய அனைத்தையும் பற்றி ஆளுக்கொன்றாகப் பல. இரவு அறை விளக்கை அணைக்குமுன் உலகத்தின் பெரும்பகுதி எம்மால் விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடுகிறது. மறுநாட் காலையில் அத்தீர்ப்புகளில் ஒன்றேனும் எமது நினைவில் நிற்பதில்லை.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. நாம் எழுதிக் கையளிக்கும் பாடக்கட்டுரையிலே 'பெரும்பாலானோர்' என்னும் சொல்லை ஆதாரமின்றி எழுதினால் அதன்கீழ்ச் சிவப்புக் கோடு விழுகிறது. அதே நாம் சிற்றுண்டிச்சாலை மேசையிலே ஒரு மாவட்டத்தாரை, ஒரு சாதியாரை, ஒரு மதத்தாரை ஒரே வாக்கியத்தில் அளந்து முடித்துவிடுகிறோம். ஆதாரம் கேட்பார் எவருமில்லர். போகிற போக்கிற் சொல்லப்படும் கருத்துக்குச் சொன்னவன் பொறுப்பாளியா? அன்றி, அது இளமைக்கு இயல்பான நாவிளையாட்டென விட்டுவிடத்தக்கதா? இவ்வினாவையே இக்கட்டுரை ஆராய முயல்கிறது.

முதலில் ஓர் எல்லையை வகுத்துக்கொள்வோம். பருப்புக்கறியில் உப்புக் கூடிவிட்டது என்பதும், திரைப்படம் அலுப்பூட்டியது என்பதும் சுவை பற்றிய கூற்றுகள். அவை சொல்வோனின் நாவையும் மனத்தையும் பற்றியனவாதலின் அவற்றுக்குச் சான்று வேண்டியதில்லை. ஆனால், இன்னார் இத்தகையோர், இன்னார்க்கு இவ்வுரிமை தகாது என்னும்போது அது சுவையன்று; தீர்ப்பு. தீர்ப்பு எனில் அது விழுவதற்கு ஒரு தலை உண்டு. நமது அன்றாட உரையாடலில் இவ்விரண்டும் ஒரே குரலில், ஒரே எளிமையுடன் வெளிவருவதே இடர்ப்பாடு.

இவ்வேறுபாட்டை நான் நூல்களிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. பேராதனைக்கு வந்த முதலாண்டில் ஓர் இரவு விடுதி அறையில் ஐவர் கூடியிருந்தோம். பேச்சு பல்கலைக்கழக அனுமதியைப் பற்றித் திரும்பியது. "பின்தங்கின மாவட்டம் எண்டு சொல்லிக் குறைஞ்ச புள்ளியோடை வந்து எங்கடை பெடியளின்ரை இடத்தைப் பிடிச்சிடுறாங்கள்" என்றேன் நான். மூவர் தலையசைத்தனர். பேச்சு வேறொன்றுக்குத் தாவிற்று. ஐந்தாமவன் என் அறைத்தோழன். பொறியியற் பீடத்து மாணவன். நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றிலே லயன் அறையில் வளர்ந்தவன். அவன் ஒன்றுஞ் சொல்லவில்லை. சற்று நேரத்தில் துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். மலைநாட்டுக் குளிரில் இரவு பத்து மணிக்கு அவன் ஒருநாளும் குளித்ததில்லை.

அடுத்த சில நாட்கள் அவன் வழமைபோலவே பழகினான். நான்தான் என் வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கலானேன். முதலில் உறுத்தியது 'எங்கடை' என்ற சொல். அவனும் தமிழன், என்னோடு ஒரே பானையில் நீர் அருந்துபவன். அவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தும் அளவுக்கு அச்சொல் எப்போது சுருங்கிற்று? சுருக்கியவன் நான் என்பதுகூட எனக்குத் தெரியாமல் அது நிகழ்ந்திருந்தது.

அடுத்து, அக்கருத்து என்னிடம் எவ்வாறு வந்தது என்று தேடினேன். விடை எங்கள் வீட்டுத் திண்ணையிலே இருந்தது. எனது பெரியப்பா 1970களில் யாழ்ப்பாணத்திலிருந்து பரீட்சை எழுதிப் பொறியியல் அனுமதியைச் சில புள்ளிகளால் இழந்தவர். அக்காலத்து வரலாற்றை நாம் அறிவோம். 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளுக்குத் தமிழ்மொழிமூல மாணவர் சிங்களமொழிமூல மாணவரிலும் கூடிய புள்ளி பெறவேண்டியிருந்தது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்டப் பங்கீடும் வந்தன. அவற்றால் யாழ்ப்பாணத்து மாணவர் பலர் அடைந்த இழப்பு மெய்யானது. அதன் அரசியல் விளைவுகளை இந்நாடு நெடுங்காலம் அனுபவித்தது. பெரியப்பாவின் துயரத்தில் பொய்யேதுமில்லை. ஆனால் அத்துயரத்திலிருந்து பிறந்த வாக்கியத்தை நான் காணியுறுதியைப் போலப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றுக்கொண்டேன். அதன் எல்லைகளை ஒருமுறையேனும் அளந்து பார்த்தேனல்லேன்.

அளந்து பார்த்தபோது தெரிந்தவை பல. அதே மாவட்ட அடிப்படை, வசதி குறைந்த பிற மாவட்டங்களின் மாணவருக்கு, தமிழ் மாணவர் உட்பட, வாயிலைத் திறந்தது. இன்று மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அப்பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலிலே நுவரெலியா மட்டுமன்றிக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மன்னாரும் உள்ளன. மறுபுறத்தில், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் பயனை உரியவாறு பெறவில்லை. அவை அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தது பெரும்பாலும் 1970களிலேயே. இந்நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பெரும்பங்கைத் தேயிலை ஈட்டித்தந்த தசாப்தங்களில், அத்தேயிலையைக் கொய்தவர்களின் பிள்ளைகள் அவ்வருவாயால் நடந்த பாடசாலைகளுக்கு வெளியே நின்றனர். ஹந்தானை மலைச்சரிவைப் பார்த்தவாறு விரிவுரைக்கு நடந்த எனக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. தெரியாதென்பதும் தெரியாது.

இனி வினாவுக்குத் திரும்புவோம். ஆங்கிலக் கணிதவியலாளரும் மெய்யியலாளருமான கிளிபோர்ட் 1877இல் எழுதிய 'நம்பிக்கையின் ஒழுக்கவியல்' என்னும் கட்டுரையில் ஒரு கப்பற் சொந்தக்காரனைக் காட்டுகிறார். பழுதுற்ற கப்பலைப் பற்றி எழுந்த ஐயங்களை அவன் தன் மனத்துக்குள் அடக்கி, கப்பல் பத்திரமாகச் செல்லும் என்று நம்பிப் பயணிகளை அனுப்புகிறான், கப்பல் மூழ்குகிறது. அவன் குற்றவாளி என்பதில் எவர்க்கும் ஐயமிராது. ஆயின் கப்பல் மூழ்காது கரைசேர்ந்திருப்பினும் அவன் குற்றவாளியே என்பது கிளிபோர்ட்டின் முடிவு. தவறு விளைவில் இல்லை. அந்நம்பிக்கையை வைத்துக்கொள்ள அவனுக்கு உரிமை இருந்ததா என்பதில் இருக்கிறது. இவ்வளவையால் அளந்தால், என் அறைத்தோழன் அன்றிரவு அறையில் இல்லாதிருந்தாலும், என் வாக்கியம் எவரையும் நோகச் செய்யாதிருந்தாலும், அது தவறே.

இம்முடிவு மிகக் கடுமையானது என்று கூறுவோர் உளர். எல்லாவற்றையும் ஆராய்ந்த பின்னரே நம்பவேண்டுமெனில் மனிதன் காலையில் எழுந்து பல் துலக்கவும் இயலாது. வில்லியம் ஜேம்ஸ் 1896இல் கிளிபோர்ட்டுக்கு மறுப்பாக எழுதியபோது, சான்று முற்றுப்பெறுவதற்கு முன்னரே தெரிவு செய்யவேண்டிய நிலைமைகள் வாழ்க்கையில் உண்டு என்று வாதிட்டார். இது நியாயமானதே. ஆயினும், உயிர்ப்புள்ளதாய், தவிர்க்க இயலாததாய், பாரதூரமானதாய் அமையும் தெரிவுகளுக்கே ஜேம்ஸ் அச்சலுகையை அளித்தார் என்பதை மறத்தலாகாது. அன்றிரவு நான் அவ்வாக்கியத்தைச் சொல்லியே ஆகவேண்டுமென்ற நெருக்கடி யாது? பேசாதிருந்திருக்கலாம், கேட்டிருக்கலாம். பக்கத்திலேயே அறிந்தவன் இருந்தான்.

இதனிலும் வலிய தடையொன்றுண்டு. பல்கலைக்கழகம் எண்ணங்களைப் பரீட்சித்துப் பார்க்கும் இடம். பிழையான கருத்தும் வெளியே சொல்லப்பட்டாலன்றித் திருத்தப்படாது. ஒவ்வொரு சொல்லையும் தராசில் இட்ட பின்னரே வாய்திறக்கவேண்டுமெனில் விடுதி அறைகள் ஊமையாகிவிடும். அஞ்சிய நாவிலிருந்து சிந்தனை பிறவாது என்பதே அத்தடை. இதனை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். நான் பெற்ற கல்வியில் ஒரு பாதி அந்த வெறுந்தேநீர்ப் பேச்சுகளிலிருந்தே வந்தது. ஆயினும், பேச்சுச் சுதந்திரத்தின் பெரும் வழக்கறிஞராகிய ஜோன் ஸ்ரூவட் மில் 1859இல் வலியுறுத்திய ஒன்று இங்கே கவனத்துக்குரியது. எதிர்க்கருத்தை அதனை மெய்யாகவே கொண்டிருப்பவரின் வாயிலிருந்து கேட்டாலன்றித் தன் கருத்தையும் ஒருவன் அறிந்தவனாகான் என்பதே அது. ஆகவே பரீட்சைக்காகச் சொல்லும் கருத்துக்கும் தீர்ப்பாகச் சொல்லும் கருத்துக்கும் வேறுபாடுண்டு. முன்னது மறுமொழிக்குக் காத்திருக்கும். பின்னது தலையசைப்பைப் பெற்றுக்கொண்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடும். அன்று நான் செய்தது பின்னதே. அதனைச் சுதந்திரம் என்று அழைப்பது சுதந்திரத்துக்கு இழுக்கு.

நம் மரபிலும் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி, அறிவு பெறும் வழிகளுள் முதன்மையானவையாகக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றைக் கொள்கிறது. சமயப் பொருளை ஒருபுறம் வைத்துவிட்டு இதனை அன்றாடப் பேச்சுக்குப் பொருத்திப் பார்க்கலாம். நான் சொன்னதை நான் கண்டேனா? இல்லை, தோட்டப் பாடசாலை ஒன்றின் படியை மிதித்தவனல்லேன். கருதி உணர்ந்தேனா? இல்லை, எப்புள்ளியையும் எதனோடும் ஒப்பிட்டேனல்லேன். எஞ்சியது உரை. உரை என்பது நம்பத்தக்கவர் சொல். பெரியப்பா நம்பத்தக்கவரே, ஆனால் எதற்கு? தாம் இழந்ததற்கு அவர் சாட்சி. தாம் காணாத மலைநாட்டுப் பிள்ளையின் தகுதிக்கு அவர் சாட்சியல்லர். ஒருவரது மெய்யான சாட்சியத்தை அது செல்லாத இடத்திற்கும் இழுத்துச் செல்வதாலேயே நமது போகிற போக்குக் கருத்துக்களிற் பல பிறக்கின்றன. அவற்றின் வேரில் பொய் இருப்பதில்லை. பெரும்பாலும் ஒரு மெய்யான காயம் இருக்கிறது. அதனாலேதான் அவற்றை ஐயுறுவது கடினமாகிறது. ஐயுறுவது அக்காயத்தைப் பழிப்பதுபோலத் தோன்றுகிறது.

ஒரு வாரங் கழித்து அறைத்தோழனிடம் நேரே கேட்டேன். அவன் கோபிக்கவில்லை. "நான் படிச்ச பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்ல மச்சான். ஹட்டன்ல இருந்து ஒரு அண்ணன் சனிக்கிழமையில வந்து சொல்லிக்குடுப்பாரு. அந்த ரெண்டு வருஷத்துக்கும் யாரு புள்ளி போடுறது?" என்றான். அவ்வினாவுக்கு மறுமொழி இல்லாதிருந்தேன். புள்ளி என்பது மாணவனை அளக்கிறதா, மாணவனுக்குக் கிடைத்த ஆசிரியரை அளக்கிறதா என்பதை நான் அதுவரை எண்ணியதேயில்லை. மாவட்ட முறை அநீதியற்றது என்று இதனால் நான் நிறுவ வரவில்லை. நுவரெலியா நகரத்து வசதியான பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே மாவட்டக் கணக்கில் நிற்பது அம்முறையின் குறை என்று அவனே கூறினான். அதனை ஆராயலாம், ஆராயவேண்டும். ஆனால் அது ஆராய்ச்சியாக இருக்கவேண்டும்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டது எளிதாயிருந்தது. அன்று தலையசைத்த மூவரிடமும் சென்று, நான் சொன்னது பிழை, அறியாது சொன்னேன் என்று கூறியதே கடினமாயிருந்தது. ஒருவன் சிரித்தான். மற்றவன், அதை இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்றான். மூன்றாமவனுக்கு நான் சொன்னதே நினைவிலில்லை. ஆயின் சில மாதங்களின்பின் சிற்றுண்டிச்சாலையிலே, முதலாண்டு மாணவர் சிலரிடம், ஏறத்தாழ என் சொற்களிலேயே அதே வாக்கியத்தை அவன் சொல்லக் கேட்டேன். என்னிடமிருந்து பெற்றதென்று அவன் அறியான். தன் கருத்தென்றே எண்ணியிருப்பான். பெரியப்பாவிடமிருந்து நான் பெற்றதும் அவ்வாறே அன்றோ?

போகிற போக்கிற் சொன்ன கருத்து போய்விடுகிறது என்று நாம் நினைக்கிறோம். சொன்னவனின் நினைவிலிருந்தே அது போகிறது. கேட்டவனிடத்தில் அது தங்கிக் கிளைக்கிறது. யாரைப் பற்றியதோ அவனிடத்தில் ஆழப் பதிகிறது. ஆதலால் கருத்துச் சொல்வதும் ஒரு செயலே; ஏனைய செயல்களைப் போல அதற்கும் கடப்பாடுண்டு. அக்கடப்பாடு வாயை மூடிக்கொள்வதன்று. எவரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் எதிரே அமர்ந்து மறுமொழி கூற இடம் வைத்துப் பேசுவதும், பிழையென்று கண்டபோது சொன்ன இடத்திலேயே அதனை மீளப்பெறுவதுமாகும்.

அன்று சிற்றுண்டிச்சாலையில் எழுந்து சென்று அவனை மறித்துப் பேசும் துணிவு எனக்கு வரவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த முதலாண்டு மாணவருள் எவரேனும் இப்பக்கங்களைப் படிக்கக்கூடும் என்ற எண்ணத்துடனேயே இதனை எழுதுகிறேன்.