வீட்டை அறிந்தவர் யார்?

வீட்டைப் புதுப்பிக்கத் தீர்மானித்த குடும்பம் இன்டீரியர் டிசைனரைத் தேடத் தொடங்கும்போது பேச்சு பெரும்பாலும் மூன்று விஷயங்களையே சுற்றிவரும். சதுர அடிக்கு என்ன ரேட், எத்தனை நாளில் முடித்துக் கொடுப்பார், இதற்கு முன் செய்த வீடுகளின் படங்கள் எப்படி இருக்கின்றன. மூன்றும் கேட்க வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கு அடியில் தத்துவத்தின் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது: நான் எப்படி வாழ்வது என்பதை இன்னொருவர் எனக்காகத் தீர்மானிக்கலாமா? வயதான அம்மா ராத்திரியில் எத்தனை அடி நடந்து குளியலறைக்குப் போவார், சாமி எங்கே இருக்கும், ஊரிலிருந்து வந்தவர்கள் எங்கே படுப்பார்கள் என்பதெல்லாம் வரைபடத்தில் ஒரு கோடு போட்டதும் முடிவாகிவிடுகிறது. பெயிண்டின் நிறம் பிடிக்காவிட்டால் அடுத்த தீபாவளிக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கோட்டை அப்படி மாற்ற முடியாது.

1784இல் ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் அறிவொளி என்றால் என்ன என்று விளக்கி எழுதிய சிறு கட்டுரையில், பிறரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் மனிதனைக் கேலி செய்தார். எனக்காகப் புரிந்துகொள்ளப் புத்தகம் இருக்கிறது, என் மனசாட்சியின் வேலையைப் பார்க்கப் பாதிரியார் இருக்கிறார், நான் என்ன சாப்பிடலாம் என்று சொல்ல மருத்துவர் இருக்கிறார். காசு கொடுத்தால் போதும், நான் யோசிக்கத் தேவையில்லை. அந்தப் பட்டியலில் டிசைனரையும் சேர்த்தவர் வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லோஸ். 1900இல் அவர் செய்தித்தாள் ஒன்றில் எழுதிய கதையில், எல்லா வசதியும் உள்ள ஒருவர் தன் வீட்டுக்குக் கலை வேண்டும் என்று பெயர்பெற்ற வடிவமைப்பாளரை அழைக்கிறார். பழைய சாமான்கள் வெளியே போகின்றன. புதியவை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் குறிக்கப்படுகிறது. ஒருநாள் வடிவமைப்பாளர் வந்து, வீட்டுக்காரரின் காலில் இருக்கும் செருப்பைப் பார்த்துத் திடுக்கிடுகிறார். நீங்கள் வரைந்து கொடுத்ததுதானே என்கிறார் இவர். ஆமாம், ஆனால் அது படுக்கையறைக்கு. இந்த அறையின் அழகு கெட்டுவிட்டதே என்று பதில் வருகிறது. பிள்ளைகள் கொடுத்த பிறந்தநாள் பரிசுகளை வைக்கவும் இடமில்லை. என்னைக் கேட்காமல் எப்படிப் பரிசு வாங்கலாம் என்று கோபம் வேறு. அந்தக் காலத்து நிலவரம் இந்தக் கேலிக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. பெல்ஜியத்தின் ஹென்றி வான் டி வெல்ட, பிரஸ்ஸல்ஸ் அருகே 1895இல் தனக்காகக் கட்டிய வீட்டுக்குப் பொருந்தும்படி மனைவியின் உடைகளையும் தானே வடிவமைத்தார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வயிற்றுவலிக்கு டாக்டரிடம் போகிறோம், வழக்குக்கு வக்கீலிடம் போகிறோம். அவர்களிடம் முடிவை விடுவதை யாரும் அடிமைத்தனம் என்று சொல்வதில்லை. பிளைவுட்டில் ஈரம் தாங்குவது எது தாங்காதது எது, சுவருக்குள் எந்தப் பைப் ஓடுகிறது, எந்தச் சுவரை இடிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது தெரியாதவன் தெரிந்தவன் சொல்வதைக் கேட்பதுதானே அறிவு? இந்த அளவில் மறுப்பு சரி. ஆனால் டாக்டரிடம் போகும்போது போய்ச் சேரவேண்டிய இடம் முன்பே தெரியும்: வலி தீரவேண்டும். வழி மட்டும் அவர் கையில் இருக்கிறது. வீட்டு விஷயத்தில் போய்ச் சேரும் இடமே இன்னும் தீர்மானமாகவில்லை. நல்ல வீடு என்பது யாருக்கு, எதற்கு நல்ல வீடு? அரிஸ்டாட்டில் தன் ‘அரசியல்’ நூலின் மூன்றாம் பகுதியில், சில கலைகளில் செய்பவனைவிடப் பயன்படுத்துபவனே சரியான நீதிபதி என்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட முதல் உதாரணமே வீடுதான். கட்டியவனைவிடக் குடியிருப்பவனே வீட்டை நன்றாக மதிப்பிடுவான். சுக்கானைத் தச்சனைவிட மாலுமியும், விருந்தைச் சமைத்தவனைவிடச் சாப்பிட்டவனும் அறிவார்கள். ஜனங்கள் கூடி ஆட்சியாளர்களைத் தீர்ப்பிடலாமா என்ற வாதத்தின் நடுவே அவர் இதைச் சொல்கிறார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வீட்டு விஷயம் அவருக்கு ஐயமற்ற சான்றாகத் தோன்றியிருக்கிறது.

புதிதாகக் கட்டும் வீட்டுக்கு இந்த வாதம் முழுதாகப் பொருந்தாது. இன்னும் குடியேறாதவன் எதை அறிந்து தீர்ப்புச் சொல்வான்? புதுப்பிக்கும் வீடு அப்படியல்ல. அதில் பத்து, இருபது வருஷம் புழங்கியவர்கள் இருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு எந்த ஜன்னலில் வெயில் அடித்துக் கண் கூசும், எந்தக் கதவு திறந்தால் ஃபிரிட்ஜில் இடிக்கும், ஐப்பசி மழையில் எந்த மூலையில் ஓதம் ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். முதல் தடவை டேப்போடு வருகிற டிசைனருக்குத் தெரியாது. ஆகவே நமக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லும் குடும்பம், தன்னிடம் இருக்கும் ஒரே நிபுணத்துவத்தை வாசலிலேயே கழற்றிவைத்துவிடுகிறது. டிசைனர்கள் தங்கள் பக்கத்து வருத்தத்தைச் சொல்வார்கள்: இப்படிச் சொல்பவர்கள்தான் பாதி வேலையில் மனசு மாறுகிறார்கள். உண்மைதான். ஆரம்பத்தில் யோசிக்காதவர்கள் பிளைவுட்டை அறுத்த பிறகு யோசிக்கிறார்கள்.

பழக்கம் வேறு, அறிவு வேறு என்று இன்னொருவர் சொல்லலாம். அசௌகரியத்தோடு இருபது வருஷம் இருந்தவர் அதுவே இயல்பு என்று நினைத்துக்கொள்வார். துவைத்துக் காய்ந்த துணி தினமும் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் குவிந்தால், அதைத் தன் சோம்பேறித்தனம் என்றுதான் நினைப்பார். வெளியிலிருந்து வரும் தேர்ந்த கண்ணுக்குத்தான், பால்கனிக் கொடிக்கும் பீரோவுக்கும் நடுவே துணியை மடிக்க ஓர் இடமே இல்லை என்பது தெரியும். இது என் வாதத்தைக் கொஞ்சம் திருத்துகிறது, கவிழ்க்கவில்லை. சாப்பிடுபவனுக்கு உப்புக் கரிக்கிறது என்பது தெரியும். எந்தக் கட்டத்தில் என்ன தவறியது என்பது சமைப்பவனுக்குத்தான் தெரியும். வலியைச் சொல்வது குடியிருப்பவர் வேலை, காரணத்தைக் கண்டுபிடிப்பது டிசைனர் வேலை. அப்படியானால் டிசைனரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் அவர் காட்டும் படங்கள் அல்ல, அவர் கேட்கும் கேள்விகள். முதல் சந்திப்பில் ஒரு மணி நேரம் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறாரா, அல்லது அந்தத் துணிக் குவியலைப் பார்த்து, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்கிறாரா?

இரண்டு பெண்கள், இரண்டு வீடுகள். சிகாகோவின் மருத்துவர் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த், வாரக்கடைசியில் போய்த் தங்க ஒரு வீடு வேண்டும் என்று அந்தக் காலத்தின் மிகப் பெரிய கட்டடக் கலைஞர்களில் ஒருவரான மீஸ் வான் டெர் ரோவிடம் போனார். இல்லினாய் மாநிலத்து பிளேனோவில், ஆற்றங்கரையில், நான்கு பக்கமும் கண்ணாடியாக 1951இல் வீடு எழுந்தது. செலவு ஏறிக்கொண்டே போனதில் இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். தீர்ப்பு மீஸ் பக்கம் சாய்ந்தது. எனக்கு அந்த வழக்கைவிட முக்கியமாகப் படுவது, 1953இல் பத்திரிகை ஒன்றுக்கு ஃபார்ன்ஸ்வொர்த் சொன்ன ஒரு சின்ன விவரம். குப்பைக் கூடையை அவரால் சிங்க்குக்குக் கீழே வைக்க முடியவில்லை. வீட்டுக்கு வரும் பாதையிலிருந்து பார்த்தால் சமையல் இடம் முழுக்கத் தெரியும், கூடை வீட்டின் தோற்றத்தைக் கெடுத்துவிடும். அதனால் தள்ளியிருந்த அலமாரியில் ஒளித்துவைத்தார். லோஸின் செருப்பு அரை நூற்றாண்டு கழித்துக் குப்பைக் கூடையாகத் திரும்பி வந்திருக்கிறது. அது மகத்தான கட்டடம் அல்லவா, கலைஞனுக்குச் சுதந்திரம் கொடுத்ததால்தானே கிடைத்தது என்று கேட்டால், மறுக்க மாட்டேன். இன்று அது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் காட்சியகம். காட்சியகமாக அதற்கு ஒரு குறையும் இல்லை.

மற்றவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து ட்ரூஸ் ஷ்ரோடர். கணவர் உயிரோடு இருந்தபோதே, 1921இல், வீட்டில் தனக்கென்று ஒரு அறையை மாற்றியமைத்துத் தரும்படி கெரிட் ரீட்வெல்டைக் கேட்டார். ரீட்வெல்ட் நாற்காலி மேஜை செய்யும் தச்சர். முழு வீடு கட்டிய அனுபவம் அவருக்கு இல்லை. காட்டுவதற்குப் படங்களின் ஆல்பம் இருந்திருக்காது. ஓர் அறையில் அவரோடு வேலை செய்து பார்த்த பிறகே, கணவர் இறந்த மறுவருஷம், 1924இல், மூன்று குழந்தைகளோடு தான் வாழவேண்டிய வீட்டை அவரோடு சேர்ந்து வரைந்தார். பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டு வளரவேண்டும், அதே சமயம் ஒவ்வொருவருக்கும் தனியிடமும் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதனால்தான் பகலில் ஒரே கூடமாகவும் இரவில் நகரும் தடுப்புகளால் தனித்தனி அறைகளாகவும் மாடி அமைந்தது. 1985இல் இறக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அந்த வீடு இருக்கிறது. குடியிருப்பவரின் சொல்லுக்கு இடம் கொடுத்தால் கலை குறைந்துவிடும் என்பவர்கள் அதை ஒருமுறை யோசிக்கலாம்.

இதுவரை குடியிருப்பவர் என்று ஒருமையில் சொல்லி வந்தேன். ஆனால் வீட்டுக்கு உரியவர்கள் பலர், கண்ணுக்குத் தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. இந்த இடத்தில்தான் விஷயம் மத சம்பந்தமானதாக ஆகிறது. இல்வாழ்க்கையைப் பேசும் அதிகாரத்தில் வள்ளுவர் இல்லறத்தானின் கடமைக்கு உரியவர்களாக ஐந்து பேரைச் சொல்கிறார்: இறந்துபோன முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், கடைசியில் தான். டிசைனரின் வரைபடம் பெரும்பாலும் அந்த ஐந்தாமவருக்காகவே போடப்படுகிறது. தெய்வத்துக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் எம்டிஎஃப் பலகையில் சல்லடை வெட்டி, பின்னால் எல்இடி ஒளிர, லாஃப்டுக்கு அடியில் பொருத்திய அலமாரி அது. நல்லெண்ணெய் விளக்கு ஒரு மாதம் எரிந்தால் மேல்பலகை கறுத்துப்போகும். கற்பூரம் ஏற்றப் பயமாக இருக்கும். கொஞ்ச நாளில் மின்சாரச் சுடர் வந்து உட்கார்ந்துவிடும். வழிபாட்டு முறை ஒன்று மாறிவிட்டது. யாரும் கூடிப் பேசி மாற்றவில்லை, பலகை மாற்றியது. முன்னோருக்கு அதுவும் இல்லை. திவசத்தன்று தரையில் இலை போட்டுப் பத்துப் பேர் உட்கார இடம் இருக்கிறதா, வீட்டில் ஒருவர் இறந்தால் உடலைக் கிடத்தக் கூடத்தில் எதை நகர்த்த முடியும் என்று கேட்கிற டிசைனர் அபூர்வம். அமங்கலம் என்று நினைத்து நாமும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டோம். 1951இல் டார்ம்ஸ்டட்டில் குடியிருத்தல் பற்றி உரையாற்றிய ஜெர்மன் தத்துவஞானி ஹைடெக்கர், கறுப்புக் காட்டுப் பண்ணைவீடு ஒன்றை உதாரணம் காட்டியபோது, சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் சாமி மூலை இருந்ததையும், சவப்பெட்டிக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்ததையும் குறிப்பிட்டார்.

இதற்குத்தானே வாஸ்து இருக்கிறது என்பார்கள். மயமதம், மானசாரம் போன்ற நூல்களை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனமில்லை. ஆயாதிக் கணக்கு வீட்டின் அளவை உடையவரின் நட்சத்திரத்தோடு பொருத்திப் பார்க்கிறது. அந்தக் கணக்கை நம்பாதவர்கூட ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: இந்த வீடு யாருக்கு என்று அது முதலில் கேட்கிறது. ஷோரூம் கேட்பது கார்ப்பெட் ஏரியாவை மட்டும். ஆனால் இன்று அடுக்குமாடியில் நடப்பது வேறு. அடுப்பை நகர்த்து என்று ஒரு வாஸ்துக்காரர் சொல்வார். கேஸ் லைனை மாற்ற முடியாது என்று டிசைனர் சொல்வார். உடனே, ஒரு பித்தளைத் தகடு பதித்தால் போதும் என்று சொல்லும் இன்னொரு வாஸ்துக்காரரைத் தேடிப் போவோம். 1945 அக்டோபரில் பாரீஸில் ஆற்றிய உரையில் பிரெஞ்சுத் தத்துவஞானி சார்த்தர் இந்தத் தந்திரத்தை அம்பலப்படுத்தினார். தாயோடு இருப்பதா, போருக்குப் போவதா என்று கேட்டு வந்த மாணவனைப் பற்றிச் சொல்லும்போது, எந்தப் பாதிரியாரிடம் ஆலோசனை கேட்பது என்று தேர்ந்தெடுக்கும்போதே என்ன பதில் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாய் என்றார். ஆலோசகரைத் தேர்ந்த பொறுப்பு நம்முடையது, அதனால் ஆலோசனையும் நம்முடையதுதான். டிசைனர் கெடுத்துவிட்டார், வாஸ்துக்காரர் சொன்னார் என்பவை பாதி உண்மைகள்.

இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் ஒரு கிச்சனை மாற்ற இவ்வளவு தத்துவம் தேவையா என்றால், இதற்கு ஆகும் செலவு ஒரு சாயங்காலம். குடும்பம் கூடி உட்கார்ந்து, யாருக்கு எங்கே என்ன கஷ்டம் என்று எழுதி, டிசைனர் கையில் கொடுத்து, அவர் அதைப் படிக்கிறாரா என்று பார்ப்பது.

ஆனால் யார் யாரைக் கூட்டுவது? அரிஸ்டாட்டிலின் வாதத்தில் பெரிய ஓட்டை இங்கேதான். குடியிருப்பவனே நீதிபதி என்று சொன்ன அவர் மனதில் இருந்தவர் குடும்பத் தலைவர். அந்த வீட்டில் தண்ணீர் சுமந்த, மாவு அரைத்த அடிமைகள் வீட்டை இன்னும் நெருக்கமாக அறிந்தவர்கள். அவர் சொன்ன அளவுகோல்படியே அவர்கள்தான் சிறந்த நீதிபதிகள். அவர்களை அவர் கேட்கவில்லை. வள்ளுவரின் ஐந்து பேரிலும் வேலைக்கு வருகிறவருக்குத் தனி இடம் கிடையாது. நம் வீடுகளில் செக் எழுதுபவர் டிசைனரோடு பேசுகிறார். சமைப்பவர் கொஞ்சம் பேசுகிறார். பின்பக்க யுடிலிட்டியில் தினமும் முக்கால் மணி நேரம் குனிந்து பாத்திரம் தேய்ப்பவர் பேசுவதே இல்லை. சிங்க் எந்த உயரத்தில் இருக்கவேண்டும், ஈரக் கால் வழுக்காத டைல்ஸ் எது, துடைப்பமும் வாளியும் எங்கே நிற்கவேண்டும் என்பது அந்த வீட்டில் வேறு யாருக்கும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. டிசைனர் அளவெடுக்க வருவது வழக்கமாகக் காலை பதினொரு மணிக்கு மேல். அந்த அம்மா வேலை முடித்துப் போயிருப்பார். எட்டு மணிக்கு வரச்சொன்னால், இருவரும் அந்தச் சிங்க் முன்னால் நின்று பேசிக்கொள்ள முடியும்.